பழுதுற்ற இறுவட்டுச் செலுத்தியை மாற்றும் முறை

சமயமும் சரித்திரமும் இலக்கியமும் நிறைந்து பொலியும் ஜூபிலி மலரொன்றிலே, கணினியின் உறுப்பொன்றைக் கழற்றி மாட்டும் விதத்தைப் பற்றி யாம் எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். நமது பழைய மாணவர் பலரின் இல்லங்களிலே, இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட மேசைக் கணினியொன்று சீலைத் துண்டினால் மூடப்பட்டு மூலையிற் கிடக்கின்றது. அதன் பக்கத்திலே ஒரு பிஸ்கற் பெட்டி. அப்பெட்டியினுள் விவாகப் படங்கள், பரிசளிப்பு விழாப் பேச்சுக்கள், பாட்டனார் பாடிய தேவாரம், பிள்ளைகளின் முதற் பிறந்தநாள் எல்லாம் இறுவட்டுக்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் கருவி பழுதுற்றவிடத்து, வட்டுக்களே கெட்டொழிந்தன என்று கருதி அவற்றைக் குப்பையிற் சேர்ப்பார் உளர். அவ்வாறு எறியப்படும் நிலையிலிருந்த ஒரு வட்டே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

யாம் பொத்துவிலில் தங்கியிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான முஸ்லிம் நண்பரொருவர் ஒருநாட் காலை முச்சக்கர வண்டியொன்றிலே தமது கணினியை ஏற்றிக்கொண்டு எம்மிடம் வந்தார். கையிலே ஒரேயொரு இறுவட்டு. "சேர், இதற்குள்ளேதான் வாப்பாவுடைய குரல் இருக்கிறது. கடைக்காரத் தம்பி வட்டுப் போய்விட்டது, எறிந்துவிடுங்கள் என்கிறார். எறிய மனம் வரவில்லை" என்றார். அவருடைய தந்தையார் வேளாண்மை செய்தவர். சூடடிக்கும் இரவுகளிற் களவெட்டியிலே கவி பாடுவதில் வல்லவர் என்று ஊரார் சொல்லக் கேட்டிருந்தோம். அப்பாட்டுக்களை ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தனர். 2003ஆம் ஆண்டிற் கல்முனைக்குக் கொண்டுபோய் அந்நாடாக்களை ஓர் இறுவட்டாக மாற்றுவித்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்திலே மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நண்பரின் கரையோர வீட்டையும் நாடாக்களையும் அது விட்டுவைக்கவில்லை. வட்டு, கடலுக்கு எட்ட இருந்த தமக்கையார் வீட்டிற் கிடந்தபடியால், தப்பியது.

கடைக்காரர் செய்த சோதனை யாதெனின், அதே கணினியில் அதே வட்டைச் செருகிப் பார்த்தமையே. கணக்குப் பிழைத்தபோது தராசிலே குற்றமா, நிறைகல்லிலே குற்றமா என்று அறிய வேண்டியவர், அதே தராசில் அதே கல்லை மீண்டும் வைத்துப் பார்த்தது போலாயிற்று அது. ஆயினும் அவரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. இக்கருவியின் இயல்பை நாம் எவரும் கற்றுக்கொள்ளவில்லை. அது கெடுமுன்னரே அதன் காலம் முடிந்துவிட்டது.

ஆதலின் அவ்வியல்பைச் சிறிது நோக்குவோம். இறுவட்டு 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானியச் சோனி நிறுவனமும் கூடி வகுத்த அளவுகளையுடையது. விட்டம் 120 மில்லிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதிலே செய்தி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே தடமாகப் பதியப்பட்டிருக்கும். அடுத்தடுத்த இரு சுற்றுக்களின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 1.6 பங்கு. அச்சுருளை அவிழ்த்து நேரே நீட்டினால் ஐந்து கிலோமீற்றருக்கு மேற் செல்லும். பொத்துவிற் பட்டினத்திலிருந்து அறுகம்குடாவுக்கு நடக்கும் தூரத்திலும் அது அதிகம். இத்துணை நுண்ணிய தடத்தை 780 நனோமீற்றர் அலைநீளமுடைய லேசர்க் கதிரொன்று, சுழலும் வட்டின் அடியிலே நின்று, ஒரு சிறு கண்ணாடி வில்லையின் வழியாகப் படிக்கின்றது. பின்னர் வந்த டீ.வீ.டீ. வட்டிலே தடங்கள் இன்னும் நெருக்கமானவை, இடைவெளி 0.74 பங்கே. அதனைப் படிக்க 650 நனோமீற்றர் கதிர் வேண்டும். இரண்டையும் படிக்கவல்ல செலுத்தியினுள் இருவகைக் கதிருக்கும் தனித்தனி ஊற்றுக்கள் உள. அவற்றுள் ஒன்று சோர்ந்து மற்றையது நலமாயிருத்தல் கூடும். இச்சிறு செய்தியே எமது நண்பரின் வழக்கைத் தீர்த்தது.

எவ்வாறெனின், அவருடைய கணினியிலே ஒரு திரைப்பட டீ.வீ.டீ. வட்டை இட்டோம், உடனே ஓடிற்று. தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட பழைய பாட்டு இறுவட்டொன்றை இட்டோம். செலுத்தி இருமுறை முனகிவிட்டு அடங்கிற்று. வேறிரண்டு இறுவட்டுக்களை இட்டோம், அதே முனகல். ஒரு வட்டுக் கெட்டிருக்கலாம்; நான்கும் ஒருசேரக் கெடுதல் எங்ஙனம்? இறுவட்டைப் படிக்கும் கதிர் சோர்ந்துவிட்டது என்று துணிந்தோம்.

இவ்விடத்தில் ஏனைய நோய்க்குறிகளையும் சொல்லிவைத்தல் தகும். தட்டு வெளியே வர மறுத்து உள்ளே மோட்டார் மாத்திரம் இரையுமாயின், பெரும்பாலும் அதனுள் இருக்கும் சிறு றப்பர் வார் தளர்ந்ததென்க. செலுத்தியின் முகத்தில் ஊசித் துவாரமொன்று உண்டு; கணினியை நிறுத்தியபின், நிமிர்த்திய கடதாசிக் கவ்வியொன்றை அதிலே செலுத்தி அழுத்தினால் தட்டு சிறிது வெளிப்படும், உள்ளே அகப்பட்ட வட்டை மீட்கலாம். செலுத்தியின் பெயரே கணினியின் தொடக்கத் திரையில், அதாவது பயோஸ் அட்டவணையில், தோன்றாவிடின் வடங்களை ஐயுறுக. கடற்காற்று வீசும் ஊர்களிலே இணைப்புக்களிற் களிம்பு ஏறி மின் தடைப்படுவதுண்டு, கழற்றி மீண்டும் செருகினாலே சில கருவிகள் உயிர்பெறும். பயோஸ் அறிந்தும் விண்டோஸ் அறியாவிடின் பிழை மென்பொருளில் உள்ளது. அப்போது புதிய செலுத்தி வாங்குதல் வீண்செலவு. வில்லையிலே தூசு படிந்திருப்பதும் உண்டு. காற்றூதியால் மெல்ல ஊதலாம். வாயால் ஊதுதல் ஆகாது, எச்சில் படியும்.

செலுத்தியைப் பிரித்து உள்ளே பழுதுபார்க்கலாமோ என்று மாணவர் கேட்பர். வேண்டாம். மூடியபடி இருக்கும்வரை லேசர்க் கதிர் தீங்கு செய்யாது; திறந்து மின்னூட்டினாற் கண்ணுக்குக் கேடு. அன்றியும், சோர்ந்த கதிரூற்றை வீட்டிலே மாற்றுதல் இயலாத காரியம். கருவியை முழுதாக மாற்றுதலே வழி.

மாற்றுமுன் எவ்வகைச் செலுத்தி வேண்டுமென்று அறிதல் அவசியம். கணினியின் பின்புறத்தையோ விலைச்சீட்டையோ பார்த்து இதனை அறிய முடியாது. பெட்டியைத் திறந்தே பார்க்க வேண்டும். அகன்ற நாடாப்போன்ற வடமும், நான்கு துளையுடைய வெள்ளை மின்செருகியும் காணப்படின் அது ஐ.டி.ஈ. வகை. விரலளவு அகலமும் இல்லாத மெல்லிய வடமும், தட்டையான பதினைந்து தொடுகையுள்ள மின்செருகியும் காணப்படின் அது சாட்டா வகை. சாட்டா முறை 2003ஆம் ஆண்டளவில் வந்தது. எனினும் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் இறுவட்டுச் செலுத்திகள் பழைய முறையிலேயே விற்கப்பட்டன. எமது நண்பரின் கணினி 2005இல் வாங்கியது. உள்ளே இருந்தது ஐ.டி.ஈ. வகையே.

கடைக்குப் போவோர் 'சீ.டீ. றைவ்' என்றோ 'றைட்டர்' என்றோ கேட்டாற் போதும். ஆயின் ஐ.டி.ஈ. வகை புதிதாகக் கிடைப்பது அரிது. இக்கருவிகளைச் செய்தோரிற் பலர் தொழிலைக் கைவிட்டனர். சோனியின் ஒப்ரியார்க் நிறுவனம் 2013இல் மூடப்பட்டது. இன்று விற்கும் மேசைக் கணினிப் பெட்டிகள் பலவற்றிலே செலுத்தி பொருத்தும் இடமே இல்லை. ஆகவே ஒதுக்கப்பட்ட கணினிகளின் வயிற்றிலேதான் தேடவேண்டும். அக்கரைப்பற்றிலே ஒரு பழைய பொருட் கடையில், குவிந்து கிடந்தவற்றுள் மூன்றினைத் தெரிந்து வாங்கினோம். மூன்று எதற்கென்று நண்பர் கேட்டார். ஒன்று இயங்கும், ஒன்று பாதி இயங்கும், ஒன்று இயங்காது என்பது எமது அனுபவம். இவ்வலைச்சலை விரும்பாதவர், யூ.எஸ்.பி. வடத்தாற் பொருத்தும் புறச்செலுத்தியொன்றை வாங்கலாம். புதிதாகவும் கிடைக்கும், மடிக்கணினிக்கும் உதவும். பழைய கணினியில் ஒரு துவாரம் தரும் மின் போதாவிடின், இரு முனையுள்ள வடத்தை இரு துவாரங்களிற் செருகவேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கணினியை முறையாக நிறுத்தி, சுவரிலிருந்து மின்வடத்தைக் கழற்றி, பின்னர் அதன் தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்துக. எஞ்சியிருக்கும் மின் அதனாற் போய்விடும். மின்வலு வழங்கி எனப்படும் இரும்புப் பெட்டியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. 230 வோல்ற்று அங்கேதான் வந்து சேர்கின்றது, அதன் கொள்ளளவிகள் வடம் கழன்ற பின்னும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொடுக. நம் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின் அவ்வழியாக நீங்கும். சீமைகளிற் குளிர்காலத்தில் இது பெருந் தொல்லையாம்; ஈரக் காற்று வீசும் நமது கரையோரத்திற் குறைவு, ஆயினும் தொடுவதிற் செலவு யாதுமில்லை.

வேண்டிய ஆயுதம் ஒன்றே: நட்சத்திர முனையுள்ள திருப்புளி. பெட்டியின் இருபக்க மூடிகளையும் கழற்றுதல் நன்று. ஒருபக்கத்தை மாத்திரம் திறந்தோர், மறுபக்கத் திருகாணிகள் பிடித்துக்கொண்டிருப்பதை அறியாது செலுத்தியை இழுத்து முகத்தகட்டை உடைத்ததை யாம் கண்டிருக்கின்றோம். நண்பரின் கணினியைத் திறந்தபோது பல்லி முட்டையோடுகள் நான்கும், எறும்புப் புற்றொன்றும், கைப்பிடியளவு தூசும் வெளிவந்தன. "இத்தனை பேருக்கு இடம் கொடுத்திருக்கிறேனே" என்று அவர் சிரித்தார்.

செலுத்தியின் பின்புறத்திலுள்ள வடங்களை முதலிற் கழற்றுக. வடத்தைப் பிடித்து இழுத்தல் கூடாது. செருகியின் தலையைப் பிடித்தே இழுக்கவேண்டும். வெள்ளை மின்செருகி பழைய கணினிகளில் மிகவும் இறுகியிருக்கும். இடமும் வலமுமாகச் சிறிது அசைத்தால் விடும். அகன்ற வடத்தை அவ்வாறு அசைத்தல் ஆபத்து, உள்ளிருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். இருபுறமும் பிடித்து நேரே இழுக்க. ஒலி அட்டைக்குச் செல்லும் மெல்லிய வடமொன்று சிலவற்றில் இருக்கும். அதனை மீளப் பொருத்தாவிடினும் பெரும்பாலும் நட்டமில்லை.

இருபக்கத் திருகாணிகளையும் கழற்றி ஒரு சிரட்டையில் இடுக. இத்திருகாணிகள் மீற்றர் அளவுப் புரியுடையவை. வன்தட்டினைப் பிடிக்கும் திருகாணிகளோ அங்குலக் கணக்கிற் சற்றுப் பருத்த புரியுடையவை. ஒன்றாய்க் கலந்துவிட்டு மாறிப் பூட்டினாற் புரி அழியும். ஆகவே இரு சிரட்டைகள் வைத்துக்கொள்ளுதல் புத்தி. திருகாணி நீங்கியபின் செலுத்தி முன்புறமாகவே வெளிவரும். சில பெட்டிகளில் முன்முகம் முழுவதையும் கழற்றினாலன்றி வழிவிடாது.

ஐ.டி.ஈ. வகையில் ஒரு நுட்பம் உண்டு. அதிலேதான் யாம் இடறினோம். அவ்வகையில் ஒரு வடத்திலே இரண்டு கருவிகளைப் பொருத்தலாம். அவற்றுள் ஒன்று தலைவன், மற்றையது துணைவன் என்று கணினிக்குத் தெரிவிக்கும் பொருட்டு, செலுத்தியின் பின்புறத்தில் மூன்று சோடி ஊசிகளும், அவற்றுள் ஒரு சோடியை மூடும் நெல்மணி போன்ற சிறு தொப்பியும் உள. நண்பரின் கணினியில் வன்தட்டும் இறுவட்டுச் செலுத்தியும் ஒரே வடத்தில் இருந்தன, வன்தட்டே தலைவன். யாம் அக்கரைப்பற்றில் வாங்கிய செலுத்தியும் முன்னர் ஏதோவொரு கணினியிலே தலைவனாய் இருந்தது. தொப்பியைக் கவனியாது அதனை அப்படியே பொருத்தி மின்னூட்டினோம். திரையிலே வன்தட்டும் இல்லை, செலுத்தியும் இல்லை. ஒரு வீட்டில் இரு தலைவர் இருந்தால் வேறென்ன நிகழும்? நண்பரின் முகம் வாடிவிட்டது; வட்டோடு கணினியும் போயிற்றென்றே எண்ணினார். அரைமணி நேரம் வடங்களைப் பழித்துவிட்டுப் பின்னரே பழைய செலுத்தியை எடுத்துப் பார்த்தோம். அதன் தொப்பி துணைவன் இடத்தில் இருந்தது. புதியதிலும் அவ்வாறே மாற்றினோம்; இரண்டும் தோன்றின. பழையதிலே தொப்பி எங்கே இருந்ததோ புதியதிலும் அங்கேயே இடுக என்பதை முதலிலேயே செய்திருந்தால் அந்த அரைமணி நேரம் மிஞ்சியிருக்கும். சாட்டா வகையில் வடத்துக்கு ஒரு கருவியே ஆதலால் இத்தொல்லை இல்லை.

பொருத்தும்போது, அகன்ற வடத்தின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு மின்செருகியின் பக்கம் இருத்தல் வேண்டும். மின்செருகி தலைகீழாய்ப் புகாதபடி அதன் இரு மூலைகள் சரிக்கப்பட்டிருக்கின்றன. புகாவிடின் பலாத்காரம் செய்யாது திருப்பிப் பார்க்க. முகம் பெட்டியின் முன்புறத்தோடு ஒத்து நிற்குமாறு வைத்துத் திருகாணிகளைப் பூட்டுக. மிக இறுக்கினாற் சட்டம் கோணி வட்டு உரசும். மூடிகளைப் போடுமுன் ஒருமுறை இயக்கிப் பார்த்தல் நன்று. போட்டபின் பார்த்தோர் எல்லோரும் மீண்டும் திறந்தவரே. விண்டோஸ் இக்கருவியைத் தானே அறிந்துகொள்ளும், தனி மென்பொருள் வேண்டியதில்லை. விண்டோஸ் 8 முதலாக டீ.வீ.டீ. படம் காட்டும் வசதி அதனுடன் சேர்ந்து வருவதில்லை. ஆதலின் படம் ஓடாவிடின் செலுத்தியைப் பழியாது, வீ.எல்.சீ. போன்ற இலவச மென்பொருளொன்றை இட்டுப் பார்க்க.

கருவி இயங்கிவிட்டது என்பதனால் வட்டை உடனே பாடவிட்டுக் கேட்கப் புகுதல் தவறு. நண்பர் அதற்கே அவாவினார், யாம் தடுத்தோம். வீட்டிற் பதிந்த வட்டுக்களில் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலமும் சாயப் படலமும் உள. சாயம் காலத்தோடு மங்கும். அப்படலங்கள் பளபளக்கும் அடிப்புறத்திலே இருப்பதாக நம்மவர் எண்ணி அதனையே பேணுவர். உண்மையில் அவை பெயரெழுதும் மேற்புறத்துக்கு மிக அண்மையில், ஓர் அரக்குப் பூச்சின் கீழே உள்ளன. மேற்புறத்திற் கூரிய பேனாவால் எழுதுதலும், ஒட்டிய காகிதத்தை உரித்தலும் படலத்தையே உரித்துவிடும். அடிப்புறத்தில் அழுக்கு இருப்பின் மெல்லிய பஞ்சுத் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேரே துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தோடு ஓடும். குறுக்கே விழும் கீறலை இறுவட்டின் பிழைதிருத்தும் கணிதம் பொறுக்கும். தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் தொடர்ந்து அழிந்தாலும் அது மீட்டெடுக்கும் என்பர். 1960ஆம் ஆண்டில் ரீட், சொலமன் என்னும் இரு கணித அறிஞர் வெளியிட்ட முறையே அதற்கு அடிப்படை. அதற்கு மேல் நீண்டாற் கணிதமும் கைவிடும்.

ஆகவே முதல் வேலை பிரதியெடுத்தல். ஒலி வட்டாயின் அதற்கெனவுள்ள மென்பொருளால், மிகக் குறைந்த வேகத்திற் படிக்கவிடுக. படங்களும் ஆவணங்களும் உள்ள வட்டுக்களில் மேலும் ஓர் அடுக்குப் பிழைதிருத்தம் உண்டு. ஒலி வட்டில் அது இல்லை, படிக்க இயலாத இடத்தைச் செலுத்தி ஊகித்து நிரப்பிவிடும். அதனால் ஒரே பாட்டை இருமுறை படித்து ஒப்புநோக்குதல் தகும். நண்பரின் வட்டில் பதினான்கு பாட்டுக்கள் இருந்தன. மாலைத் தொழுகைக்கு அவர் போய் வருவதற்குள் பதின்மூன்று வந்துவிட்டன. பதினான்காவது விளிம்பை அடுத்திருந்தது. கைபடும் இடமும் முதலிற் கெடும் இடமும் விளிம்பே. அது பாதியில் விக்கி நின்றது.

பிரதிகளை மூன்று இடங்களில் வைத்தோம்: கணினியின் வன்தட்டில் ஒன்று, பென்ரைவிலே ஒன்று, கல்முனையில் வாழும் அவர் மகளிடம் ஒன்று. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தலின் விலையை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நம்மவர் அறிந்தனர். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி 2005 முதல் யாவர்க்கும் எட்டும்படி வைத்துவரும் நூலகத் திட்டத்தைப் பற்றியும் நண்பருக்குச் சொன்னோம். வாப்பாவின் பாட்டைப் பிறர் கேட்கலாமோ என்பது குடும்பத்தார் கூடி முடிவுசெய்ய வேண்டிய விடயம் என்றார், அதுவும் நியாயமே.

நமது கல்லூரியின் அலுவலகத்திலும் பழைய மாணவர் இல்லங்களிலும் உள்ள விழா வட்டுக்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அவற்றைப் படிக்கும் செலுத்தி ஒன்றாவது இயங்கும் நிலையில் உளதா என்று இவ்விடுமுறையிலேயே பார்த்துவிடுதல் வேண்டும். மாணவர் இருவரும் திருப்புளியொன்றும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது.

பதினான்காவது பாட்டை அக்கரைப்பற்றில் வாங்கிய மற்றைய இரு செலுத்திகளிலும் இட்டுப் பார்த்தோம். ஒன்று வட்டை அறியவே மறுத்தது. மற்றையது இன்னும் நாற்பது விநாடி கூடுதலாகப் படித்தது. களவெட்டியிலே யாரோ இடையிற் சிரிப்பதும், அதன்பின் பாட்டின் அடுத்த அடி தொடங்குவதும் கேட்கின்றன. அவ்வளவே. செலுத்திக்குச் செலுத்தி படிக்கும் வன்மை வேறுபடும் ஆதலால் நண்பர் வட்டை எறியவில்லை. உறையிலிட்டு, வெயில் படாத அலுமாரியில் நிறுத்தி வைத்திருக்கின்றார். பழைய ஐ.டி.ஈ. செலுத்தி, இயங்கும் நிலையில், அன்பர் எவரிடமேனும் சும்மா கிடக்குமாயின் எமக்கு அறிவிக்க வேண்டுகின்றோம்.